‘கோ’ என்றால் கோயமுத்தூர்

வங்கியில் கரும்புக் கடன் விண்ணப்பங்களில் ‘ரகம்’ என்ற இடத்தில் ‘கோ 86032’ என்று எத்தனையோ முறை நிரப்பியிருக்கிறேன். செட்டியார்பட்டி, தளவாய்புரம் பக்கத்து விவசாயி சொல்வார், நான் எழுதுவேன். அந்தக் ‘கோ’ கோயமுத்தூர் என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது.

மாடியில் நாலு தொட்டி பசுமையாக இருந்தால் அவரை நிபுணர் என்கிறோம். தவறில்லை. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு இப்போது டி.எஸ். வெங்கட்ராமன்தான் நினைவுக்கு வருகிறார்.

கரும்பைக் கரணை வைத்துத்தான் நடுகிறோம். அதனால் தாய்க் கரும்பே திரும்பத் திரும்ப வரும். புது ரகம் வேண்டுமென்றால் பூத்து விதை பிடிக்க வேண்டும். அந்த விதை முளைக்கும் என்பதே 1880களின் இறுதியில்தான் ஜாவாவிலும் பார்படாஸிலும் உறுதியானது. வட இந்தியாவில் கரும்பு சரியாகப் பூத்து விதை பிடிப்பதில்லை, கோயமுத்தூரில் பிடிக்கும். பூத்த கரும்பு விவசாயிக்கு நட்டம், ஆராய்ச்சியாளருக்கோ அதுதான் முதல். அதனால்தான் 1912-ல் கரும்பு இனப்பெருக்க நிலையம் அங்கே அமைந்தது. பொறுப்பேற்றவர் சார்லஸ் பார்பர், உதவிக்கு வெங்கட்ராமன்.

அப்போது வடக்கே விளைந்தது ஒல்லிக் கரும்பு, மகசூலும் குறைவு. நம் பக்கத்துத் தடித்த கரும்பு அந்தக் குளிரையும் வறட்சியையும் தாங்காது. இவர்கள் என்ன செய்தார்கள்? ‘வெள்ளை’ என்ற இனிப்புக் கரும்பை, வாய்க்கால் ஓரத்து நாணலோடு சேர்த்தார்கள். நாணலில் சர்க்கரை இல்லாத குறைதான். மாட்டுக்காரர்கூட மதிக்காத புல். ஆனால் எதையும் தாங்கி நிற்கும். அதன் மதிப்பு தெரிந்ததைத்தான் நான் நிபுணத்துவம் என்பேன். பிறந்தது கோ 205. 1918-ல் பஞ்சாபுக்குப் போய், உள்ளூர்க் கரும்பை விட ஏறக்குறைய பாதி கூடுதலாக விளைந்தது.

ஒரு ரகத்துக்காக ஆயிரக்கணக்கான நாற்றுகளை வளர்த்து, எண் போட்டு, கணக்கு எழுதி, பெரும்பாலானவற்றைக் கழித்துவிட வேண்டும். பேரேடு எழுதிய எனக்கு இந்த வேலையின் சிரமம் புரிகிறது. பின்னாளில் வெங்கட்ராமனுக்கு ‘சர்’ பட்டமும், 1956-ல் பத்ம பூஷணும் கிடைத்தன.

அத்தோடு முடிந்துவிடவில்லை. அண்மைக் காலத்தில் உத்தரப் பிரதேசத்தின் பெரும்பகுதியில் நின்ற கோ 0238, செவ்வழுகல் நோயில் சரிந்தது. ஒரே ரகத்தை எல்லாரும் நட்டால் நோய்க்கும் ஒரே சாவி போதும். விவசாயிகள் இப்போது வேறு ரகங்களுக்கு மாறி வருகிறார்கள். கோயமுத்தூரில் இன்றும் காட்டு வகைகளைச் சேர்த்துப் புது நாற்றுகள் வளர்க்கிறார்கள்.