பெயர்களை மீட்டுத் தந்த மையவாடி: பொடோச்சாரி நினைவிடம்

கிழக்கு பொஸ்னியாவில், ஸ்ரெப்ரெனிட்சா நகரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது பொடோச்சாரி. சாலையின் ஒரு பக்கம் பழைய பேட்டரித் தொழிற்சாலை. மறுபக்கச் சரிவில் வரிசை வரிசையாக வெள்ளை மீசான் கற்கள். 6,700க்கும் மேற்பட்டோர் இங்கே நல்லடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

1993இல் ஐ.நா. பாதுகாப்பு அவை ஸ்ரெப்ரெனிட்சாவைப் 'பாதுகாப்புப் பகுதி' என அறிவித்தது. சுற்றுவட்டார முஸ்லிம்கள் அங்கே தஞ்சம் புகுந்திருந்தனர். 1995 ஜூலை 11 அன்று ராத்கோ மிலாதிச் தலைமையிலான பொஸ்னிய செர்பியப் படை நகரைக் கைப்பற்றியது. மக்கள் தொழிற்சாலையில் இருந்த டச்சு ஐ.நா. படை முகாமுக்கு ஓடினர். அங்கே ஆண்கள் தனியாகப் பிரிக்கப்பட்டனர்; பெண்களும் குழந்தைகளும் பேருந்துகளில் வெளியேற்றப்பட்டனர். காட்டு வழியே துஸ்லாவுக்கு நடந்தவர்களிலும் ஏராளமானோர் பிடிபட்டனர். சில நாட்களுக்குள் 8,000க்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர்.

கொன்றவர்கள் அத்துடன் நிற்கவில்லை. தடயத்தை மறைக்க, புதைகுழிகளை இயந்திரங்களால் தோண்டி, உடல்களை வேறு இடங்களுக்குக் கொண்டுபோய்ப் புதைத்தனர். இதனால் ஒரே மனிதரின் எலும்புகள் பல குழிகளில் சிதறின. உறவினர்களின் இரத்த மாதிரிகளோடு எலும்புகளின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டே பெரும்பாலானோர் அடையாளம் காணப்பட்டனர்.

அடையாளம் தெரிந்த பிறகும் குடும்பங்களுக்கு ஒரு கடினமான கேள்வி எஞ்சியது. கிடைத்த ஓரிரு எலும்புகளை இப்போதே அடக்குவதா, மீதி கிடைக்கும்வரை காத்திருப்பதா? பல தாய்மார்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். அடக்கிய பின் மேலும் எலும்புகள் கிடைத்ததால் மீண்டும் திறக்கப்பட்ட கப்ருகளும் உண்டு. இறந்தவர் இன்னாரென்று தெரிந்தால், கிடைத்த உறுப்புக்கும் ஜனாஸாத் தொழுகை உண்டு என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். மைய்யித்தை அடக்குவது சமுதாயத்தின் மீதுள்ள ஃபர்ளு கிஃபாயா. அந்தக் கடமையைத்தான் இம்மக்கள் பல ஆண்டுகள் கழித்தும் நிறைவேற்றி வருகிறார்கள்.

2003 மார்ச்சில் முதல் 600 பேர் இங்கே அடக்கப்பட்டனர். அதன்பின் ஆண்டுதோறும் ஜூலை 11 அன்று, புதிதாக அடையாளம் காணப்பட்டவர்களின் பச்சைத் துணி போர்த்திய சந்தூக்குகளை மக்கள் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டு செல்கிறார்கள். ஐ.நா. முகாமிலேயே பிறந்து இறந்த ஒரு பெண் சிசுவும் 2013இல் இங்கே அடக்கப்பட்டது. சுமார் 1,000 பேர் இன்னும் கிடைக்கவில்லை.

முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான பன்னாட்டுத் தீர்ப்பாயமும், 2007இல் பன்னாட்டு நீதிமன்றமும் இதை இனப்படுகொலை என்றே தீர்ப்பளித்தன. மிலாதிச்சுக்கு 2017இல் விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனை 2021இல் உறுதியானது. 2024இல் ஐ.நா. பொதுச்சபை ஜூலை 11ஐ உலக நினைவு நாளாக அறிவித்தது. அப்படியிருந்தும் இதை மறுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கான பதில், பெயர் பொறித்த ஒவ்வொரு மீசான் கல்லிலும் இருக்கிறது.

இந்த வரலாற்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது ஒன்றைக் கவனிப்போம். இங்குள்ள கல்லில் பொறிக்கப்பட்ட துஆ பழிவாங்கலைக் கேட்கவில்லை, நீதியைக் கேட்கிறது. குற்றம் செய்தவர்கள் பெயர் சொல்லி விசாரிக்கப்பட்டார்கள். ஓர் இனம் முழுவதையும் வெறுக்க நாம் கற்றுக்கொடுத்தால், அந்தத் துஆவுக்கு நாமே முரண்பட்டவர்களாகி விடுவோம்.

அல்லாஹ் அவர்களின் கப்ருகளை ஒளிமயமாக்குவானாக! இன்னும் காத்திருக்கும் தாய்மார்களுக்கு ஆறுதல் அளிப்பானாக! ஆமீன்.