மவ்ரோகோர்டாடோஸ் குடும்பம்

மவ்ரோகோர்டாடோஸ் குடும்பம், உதுமானியப் பேரரசின் கீழ் வல்லாச்சியா, மோல்டாவியா ஆகிய சிற்றரசுகளை 18 ஆம் நூற்றாண்டில் ஆண்ட கிரேக்க உயர்குடியாகும். இவ்விரு நாடுகளின் பெரும்பகுதி இன்று உருமேனியாவில் உள்ளது. கான்ஸ்டண்டினோப்பிள் நகரின் ஃபனார் பகுதியில் வாழ்ந்த செல்வாக்குமிக்க கிரேக்கக் குடும்பங்கள் ஃபனாரியர் எனப்பட்டன. அவற்றுள் இதுவும் ஒன்று.

மொழியால் வந்த உயர்வு

குடும்பத்தின் எழுச்சிக்கு அடித்தளமிட்டவர் அலெக்சாண்டர் மவ்ரோகோர்டாடோஸ் (1641–1709). இத்தாலியில் மருத்துவம் பயின்ற இவர், இரத்த ஓட்டம் பற்றி ஆய்வேடு எழுதினார். 1673 இல் சுல்தான் அரசின் தலைமை மொழிபெயர்ப்பாளரானார். ஐரோப்பிய அரசுகளுடனான பேச்சுகள் இப்பதவியில் இருந்தவர் வழியாகவே நடந்ததால், அது வெறும் மொழிபெயர்ப்புப் பணியாக இருக்கவில்லை. 1699 ஆம் ஆண்டின் கார்லோவிட்ஸ் உடன்படிக்கைப் பேச்சில் உதுமானியத் தூதர்களுள் ஒருவராக இவர் பங்கேற்றார்.

அரியணை

1711 இல் மோல்டாவிய இளவரசர் திமித்ரி கான்டமீர் உருசியாவின் பக்கம் சேர்ந்தார். வல்லாச்சிய இளவரசர் பிரான்கோவியானு 1714 இல் தம் நான்கு மகன்களுடன் கான்ஸ்டண்டினோப்பிளில் கொல்லப்பட்டார். உள்நாட்டுப் பிரபுக்களிடம் நம்பிக்கை இழந்த சுல்தான், ஃபனாரியரை அரியணையில் அமர்த்தினார். அலெக்சாண்டரின் மகன் நிக்கோலஸ் 1711 இல் மோல்டாவியாவுக்கும் 1715 இல் வல்லாச்சியாவுக்கும் இளவரசரானார். இவரிலிருந்தே ஃபனாரியர் காலம் கணக்கிடப்படுகிறது.

சீர்திருத்தமும் வரியும்

நிக்கோலஸின் மகன் கான்ஸ்டன்டைன் (1711–1769) வல்லாச்சியாவை ஆறு முறையும் மோல்டாவியாவை நான்கு முறையும் ஆண்டார். பத்து ஆட்சிக்காலங்கள் என்பது செல்வாக்கை மட்டுமன்றி, பதவியின் நிலையாமையையும் காட்டுகிறது. ஒவ்வொரு நியமனத்துக்கும் சுல்தான் அரசுக்குப் பெரும்பணம் செலுத்த வேண்டியிருந்தது. அப்பணம் இறுதியில் உழவர்களின் வரியிலிருந்தே வந்தது. சுமை தாளாத உழவர்கள் ஊரைவிட்டு ஓடினர்; வரி வருவாயும் குறைந்தது.

இந்நிலையில் கான்ஸ்டன்டைன் வரிமுறையை ஒழுங்குபடுத்தினார். அதிகாரிகளுக்குச் சம்பளம் வழங்க ஏற்பாடு செய்தார். 1746 இல் வல்லாச்சியாவிலும் 1749 இல் மோல்டாவியாவிலும் பண்ணையடிமை முறையை ஒழித்தார். ஓடிப்போனவர்களைத் திரும்ப வரவழைப்பதும் இதன் நோக்கமாகும். ஆயினும் உழவர்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. பிரபுக்களின் நிலத்தில் அவர்களது உழைப்புக் கடமை தொடர்ந்தது. ரோமா மக்களின் அடிமைநிலை 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீடித்தது.

முடிவு

1821 ஆம் ஆண்டுக் கிளர்ச்சிகளுக்குப் பின் ஃபனாரியர் ஆட்சி முடிவுற்றது. 1822 இல் உள்நாட்டு இளவரசர்கள் மீண்டும் நியமிக்கப்பட்டனர். அதே ஆண்டில், இக்குடும்பத்தைச் சேர்ந்த மற்றோர் அலெக்சாண்டர் மவ்ரோகோர்டாடோஸ் (1791–1865), சுல்தானுக்கு எதிராகப் போராடிய கிரேக்கர்களின் முதல் தேசிய அரசுக்குத் தலைமையேற்றார்.

பேரரசின் மொழியாகவும் கையாகவும் உயர்ந்த இக்குடும்பத்தின் அதிகாரம் என்றும் இரவல் அதிகாரமாகவே இருந்தது. கான்ஸ்டன்டைனின் சீர்திருத்தங்களும் அவர் காலத்து வரிச்சுமையும் பிறந்தது அந்த ஒரே நிலையிலிருந்துதான்.