மாமதுரையில் இப்னு பதூதா

மதுரை மாநகருக்கு வந்த அயல்நாட்டார் மிகப் பலர். முத்தை நாடி வந்தவர், குதிரை விற்க வந்தவர், படையோடு வந்தவர், மார்க்கம் உரைக்க வந்தவர் எனப் பல திறத்தார் வைகைக் கரையில் கால் பதித்தனர். அவர்களுட் சிலர் இம்மண்ணிலேயே வேரூன்றி இவ்வூராராகவே ஆயினர். சிலரோ வந்த சுவடு தெரியாமல் மறைந்தனர். ஒருவன் அயலூரில் ஊன்றி நிற்பதற்கு எது துணை செய்கிறது? அரசரின் உறவா, பொன்னா, பதவியா, அல்லது வேறொன்றா? இவ்வினாவுக்கு விடை தேட நாம் ஒரு பயணியின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறோம். அவர்தாம் உலகம் சுற்றிய இப்னு பதூதா.

மேற்றிசைக் கோடியில், மொராக்கோ நாட்டின் தன்ஜா நகரில் 1304இல் பிறந்தவர் அவர். இருபத்தோராம் வயதில், 1325இல், ஹஜ்ஜுக்கெனப் புறப்பட்டவர் ஏறத்தாழ முப்பதாண்டுகள் பயணத்திலேயே கழித்தார். தில்லியில் முஹம்மது பின் துக்ளக்கின் அவையில் காஜியாக அமர்ந்தார். அங்கே அவர் மணந்த பெண்களுள் ஒருவர் ஷரீப் ஜலாலுத்தீன் அஹ்சன் ஷாவின் மகள். அந்த அஹ்சன் ஷாதான் 1335ஐ ஒட்டி தில்லியின் பிடியை உதறி மதுரையில் தனி அரசை நிறுவியவர். அவருடைய இன்னொரு மகளை மணந்தவர், பின்னாளில் மதுரையின் சுல்தானாக விளங்கிய கியாஸுத்தீன் தாமகானீ. ஆகவே நம் பயணி மதுரைக்கு வந்தபோது வெறும் வழிப்போக்கராக வரவில்லை. சுல்தானின் சகலையாக வந்தார். அயலூரில் குடியேற இதைவிடச் சிறந்த வாய்ப்பு யாருக்குக் கிட்டும்?

ஆயினும் அவர் வந்திறங்கிய கோலம் வேறு. மாலத்தீவில் காஜியாக இருந்துவிட்டு, இலங்கையைக் கண்டு, 1344இன் பிற்பகுதியில் மஃபர் கரையை நோக்கிக் கப்பலேறினார். தமிழகத்தின் கீழைக்கரையை அரபியர் 'மஃபர்' என்றே வழங்கினர். 'கடக்குமிடம்' என்பது அச்சொல்லின் பொருள். கரை நெருங்கும் வேளையில் காற்று மிகுந்து கலம் சிதைந்தது. உடன் வந்தோரைக் கட்டுமரத்தில் கரைக்கு அனுப்பிவிட்டு, இவர் இரவெல்லாம் கலத்தின் பின்பகுதியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தார். விடிந்ததும் அவ்வூர் மக்கள் படகில் வந்து கரை சேர்த்தனர்.

அம்மக்கள் அவருக்குத் தந்த முதல் உணவைப் பயணி மறவாமல் எழுதி வைத்திருக்கிறார். முலாம்பழம் போன்றதொரு பழமாம். அதனுள்ளே பஞ்சு போன்ற நாராம். அந்நாரில் தேன் போன்ற சாறாம். அம்மரத்திலிருந்து சர்க்கரையை ஒத்ததோர் இனிப்பும் செய்வார்களாம். இது பனம்பழமேயன்றி வேறென்ன? அந்த இனிப்பு நம் கருப்புக்கட்டி என்றே கொள்ளலாம். பனையைக் கண்டறியாத மேற்றிசையார் தமக்குத் தெரிந்த 'முக்ல்' என்னும் மரத்தின் பெயரால் அதனைக் குறித்தார். நல்ல மீனும் கொடுத்தார்கள் என்கிறார். கொடுத்தவர் பெயர் அவருக்குத் தெரியாது. அவர் பேச்சும் அவர்களுக்கு விளங்கியிராது. பசித்தவன் முகம் பார்த்துப் பனம்பழம் கொடுக்க மொழி எதற்கு?

மூன்று நாட்கள் கழித்துச் சுல்தானின் ஆட்கள் பல்லக்கும் குதிரைகளும் கொண்டுவந்து, படை தங்கியிருந்த பாசறைக்கு அழைத்துச் சென்றனர். அங்கே ஒரு சங்கடம். காலில் தோலுறையின்றி சுல்தானின் முன் எவரும் செல்லலாகாது என்பது அக்கால வழக்கம். கடலில் உடைமை இழந்தவரிடம் காலுறை ஏது? சுற்றிலும் முஸ்லிம்கள் பலர் இருந்தனர். ஒருவரும் உதவ முன்வரவில்லை. அங்கிருந்த மாற்றுச் சமயத்தார் ஒருவர் தம் காலுறையைக் கொடுத்துதவினார். தம்மவரை விஞ்சிய அவருடைய பெருந்தன்மை கண்டு வியந்ததாகப் பயணி ஒளிக்காமல் எழுதுகிறார். இவ்வரிகளைப் படிக்கும்போது நமக்குச் சற்று வெட்கமும், மிகுந்த மகிழ்ச்சியும் ஒருங்கே உண்டாகின்றன.

சுல்தான் வரவேற்று, காஜியாரின் இருப்பிடத்துக்கு அருகே மூன்று கூடாரங்களும் விரிப்புகளும் தந்தார். சோறும் இறைச்சியும் வந்தன. உணவின் முடிவில் மோர் அருந்துவது இவர்கள் வழக்கம், எங்கள் நாட்டிலும் இப்படித்தான் என்று இப்னு பதூதா குறித்திருக்கிறார். எத்தனை சிறிய செய்தி! ஊரை விட்டு வந்து பத்தொன்பது ஆண்டுகள் கடந்தவருக்கு, ஆயிரக்கணக்கான கல் தொலைவில், ஒரு குவளை மோரில் தாய்வீட்டு நினைவு வந்திருக்கிறது. அயலூரில் வாழ்ந்தவர்கள் இதன் அருமையை அறிவார்கள்.

ஆனால் அதே பாசறையில் அவர் கண்ட பிறிதொரு காட்சியையும் நாம் மறைத்தல் தகாது. போரில் பிடிபட்ட எளிய மக்களை, பெண்களையும் குழந்தைகளையும்கூட விட்டுவைக்காமல், கியாஸுத்தீன் கொடிய முறையில் கொல்வித்தார். ஒருநாள் சுல்தானோடு உணவருந்திக்கொண்டிருந்தபோது ஒருவரும், அவர் மனைவியும், ஏழு வயது மகனும் கொண்டுவரப்பட்டனர். அடுத்து நிகழ்ந்ததைக் காணப் பொறாமல் இப்னு பதூதா முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்துவிட்டார். வேறெந்த மன்னரும் இத்தகைய இழிசெயல் புரிந்து தாம் அறிந்ததில்லை என்றும், இதன் பொருட்டே இறைவன் அவர் முடிவை விரைவுபடுத்தினான் என்றும் எழுதினார். உறவினரின் உப்பைத் தின்ற நாவே இத்தீர்ப்பை உரைத்தது. நம் வரலாற்றை நாம் எழுதும்போதும் இந்த நேர்மை நமக்கு வேண்டும்.

பின்னர் அவர் மதுரைக்கு வந்தார். 'முத்ரா' என்று அதனை எழுதுகிறார். அகன்ற வீதிகளையுடைய பெருநகர் என்றும், அஹ்சன் ஷா அதனைத் தலைநகராக்கித் தில்லியைப் போலக் கட்டினார் என்றும் புகழ்கிறார். எனினும் அவர் நுழைந்த வேளை நல்ல வேளையன்று. நகரைக் கொள்ளைநோய் பிடித்திருந்தது. நோய் கண்டவர் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, தப்பினால் நான்காம் நாளோ இறந்தனர். வெளியே சென்றால் நோயாளிகளையும் சடலங்களையும் தவிர வேறொன்றையும் காணவில்லை என்கிறார். முன்னாள் அமைச்சர் ஒருவரின் மனைவி தம் எட்டு வயது மகனோடு வந்து வறுமையைச் சொன்னார். இருவரும் நலமாகவே இருந்தனர். இவர் பொருளுதவி செய்து அனுப்பினார். மறுநாள் அந்தத் தாய் மகனுக்குக் கஃபன் துணி கேட்டு வந்து நின்றார். சுல்தானின் தாயும் மகனும் அந்நோய்க்கே இரையாயினர். சில நாளில் சுல்தானும் மறைந்தார். எந்த உறவை நம்பி இப்னு பதூதா மதுரைக்கு வந்தாரோ அந்த உறவின் கயிறு இவ்வாறு அறுந்தது.

அடுத்துப் பட்டமேறிய நாஸிருத்தீன் அவருக்கு 300 பொற்காசுகளும் ஆடையும் அளித்தார். அவ்வேளையில் இப்னு பதூதாவையும் கொடிய காய்ச்சல் பற்றியது. இறந்தே போவோம் என எண்ணினார். அப்போது அவரைக் காத்தது அரண்மனையின் பொன்னன்று. இவ்வூரில் மலிந்து கிடந்த புளி. ஏறத்தாழ ஒரு ராத்தல் புளியை நீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாட்கள் வயிறு கழிந்தது. பின் இறையருளால் குணமடைந்தார். புளியைக் கொண்டு மருந்து செய்யும் எண்ணத்தை இறைவனே தம் உள்ளத்தில் போட்டான் என்கிறார். அரபு மொழியில் புளிக்குப் பெயர் 'தம்ரு ஹிந்தீ', அதாவது இந்தியப் பேரீச்சை. மாணவர்க்கு அச்சொல்லை விளக்கும் போதெல்லாம் நமக்கு மதுரையின் இந்தப் புளித்தண்ணீர் நினைவுக்கு வரும்.

குணமானதும் அவருக்கு இந்நகரின் மீதே வெறுப்புத் தட்டிவிட்டது. சுல்தான் தடுத்தும் கேளாமல் விடைபெற்றுக் கடலேறினார். கொல்லத்தில் மூன்று மாதம் தங்கிவிட்டு மேற்குக் கரையோரமாகச் செல்கையில், பன்னிரண்டு கொள்ளைக் கலங்கள் சூழ்ந்தன. இலங்கை மன்னர் தந்த மணிகள் உட்பட அனைத்தையும் பறிகொடுத்து, இடுப்புக் காற்சட்டையோடு மட்டும் கோழிக்கோட்டில் வந்து நின்றார். அங்கே மார்க்க அறிஞர் ஒருவர் ஓர் ஆடையும், காஜியார் ஒரு தலைப்பாகையும், வணிகர் ஒருவர் இன்னோர் ஆடையும் கொடுத்தனர். அரண்மனைகள் அளித்தவற்றைக் கடல் கொண்டது. அடுத்திருந்த மனிதர்கள் அளித்தவையே அவர் மானம் காத்தன.

இனி நம் வினாவுக்கு வருவோம். இத்தனை வாய்ப்பிருந்தும் அவர் ஏன் இங்கே ஊன்றவில்லை? நோய் ஒரு காரணம். அதனை மறுக்க இயலாது. ஆனால் நோய்க்கு அப்பாலும் ஒரு காரணம் உண்டு. அவர் மதுரையில் வாழ்ந்தாரேயன்றி மதுரை மக்களோடு வாழவில்லை. தில்லியில் காஜிப் பதவி தரப்பட்டபோதே, எனக்கு இவ்வூர் மொழி தெரியாதே என்று அவர் சொன்னார். துக்ளக் அவருக்குத் துணைக் காஜிகள் இருவரை அமர்த்தினார். மஃபரிலும் அவர் காஜியாரோடும் அமீர்களோடும் உறவாடினார். தமிழ் கற்றதாக அவர் எங்கும் குறிக்கவில்லை. பனம்பழம் கொடுத்தவரும் காலுறை கொடுத்தவரும் அவருடைய நூலில் பெயரின்றியே நிற்கின்றனர்.

அந்த அரசின் கதையும் அவருடைய கதையைப் போன்றதே. அரபு எழுத்துப் பொறித்த காசுகளை அடித்து, தில்லியைப் போல நகரமைத்து ஆண்ட மதுரை சுல்தானகம், 1378ஐ ஒட்டி மறைந்தது. வாழ்ந்த காலம் நாற்பது ஆண்டுகளுக்குச் சற்று மிகுதி. வாளால் வந்த அவ்வரசு போயிற்று. ஆனால் முஸ்லிம்கள் போகவில்லை. ஏனெனில் அவர்களுடைய வேர் அரண்மனையில் இல்லை.

சுல்தான்களுக்கு முன்பே, பாண்டியர் காலத்திலேயே, காயல் துறையில் அரபு வணிகர் குடியிருந்தனர். அவர்களுள் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியரின் அமைச்சராகவே விளங்கினார் எனப் பாரசீக வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். மதுரைக் காஜிமார் தெருவில், ஏமனிலிருந்து வந்த காஜி சையிது தாஜுத்தீன் அவர்களுக்குப் பாண்டிய மன்னர் நிலமளித்ததாகவும், அங்கேயே பள்ளிவாசல் எழுந்ததாகவும் மரபு கூறுகிறது. வைகையின் வடகரையில் கோரிப்பாளையம் தர்காவுக்குப் பாண்டியர் விட்ட ஊர்களைப் பற்றிப் பிற்காலத்தில் வழக்கு எழுந்தபோது, மதுரை நாயக்க மன்னர் வீரப்பர் 1573இல் அக்கொடை செல்லும் எனத் தீர்ப்பளித்தார். அதற்கு முந்திய ஆண்டு, 1572இல், வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிரமசலா' மதுரையில் அரங்கேறியது. நமக்கு முழுமையாகக் கிடைத்துள்ள பழைய இஸ்லாமியத் தமிழ் நூல் அதுவே. சுல்தானகம் மறைந்து இரண்டு நூற்றாண்டு கழிந்த பின், தமிழ்ப் புலவர் கூடிய அவையில் ஒரு முஸ்லிம் தமிழ் பாடினார். ஊன்றுதல் என்பது இதுதான்.

இதற்கு இன்னுமொரு சான்று நம் வீட்டுப் பேச்சிலேயே இருக்கிறது. வடநாட்டு முஸ்லிம்கள் 'நமாஸ்' என்றும் 'ரோஜா' என்றும் பாரசீகச் சொற்களை வழங்குகின்றனர். நாமோ 'தொழுகை' என்கிறோம், 'நோன்பு' என்கிறோம். இறை இல்லத்தைப் 'பள்ளி' என்கிறோம். சமணரும் பௌத்தரும் தம் உறைவிடங்களுக்கு வழங்கிய சொல் அது. வணக்கத்துக்குரிய சொற்களையே அண்டை வீட்டாரிடமிருந்து பெற்றுக்கொண்ட முன்னோர், அதனால் மார்க்கத்தில் ஒரு மயிரிழையும் குறைந்துவிடவில்லை. மாறாக, மார்க்கம் இம்மண்ணின் வாயில் இயல்பாகப் பேசத் தொடங்கியது.

இன்று நம் குடும்பங்களில் துபாயிலோ ரியாதிலோ கோலாலம்பூரிலோ அயலவராய் வாழும் பிள்ளை இல்லாத வீடு அரிது. முதல் மாதத்தில் அறை காட்டியவர் யார், கடைக்கு வழி சொன்னவர் யார், காய்ச்சலில் கஞ்சி வைத்துக் கொடுத்தவர் யார் என்று அப்பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நிறுவனத்தின் முதலாளியைச் சொல்லமாட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த வேற்று நாட்டானைச் சொல்வார்கள். அதே வேளையில் நம் மதுரையின் உணவகங்களிலும் கட்டடப் பணிகளிலும் பீகார், வங்காளம், அஸ்ஸாம் நாடுகளின் இளைஞர்கள் உழைக்கின்றனர். தமிழ் அறியாத அவர்கள் பசியும் காய்ச்சலும் கண்டு நம் தெருவில்தான் கிடக்கின்றனர். கால் வெறுமையாய் நின்ற பயணியைச் சூழ்ந்திருந்தும் பேசாதிருந்தவர்களின் வரிசையில் நாம் நிற்பதா, காலுறை கொடுத்தவரின் பக்கம் நிற்பதா என்பதை நாமே முடிவு செய்ய வேண்டும்.

இறுதியாக ஒரு செய்தி. இப்னு பதூதாவின் உயிர் காத்த புளியமரம் ஆப்பிரிக்காவில் தோன்றியது என்று தாவரவியலார் கூறுகின்றனர். எப்போதோ கடல் கடந்து வந்த அந்த அயல்மரம், நம் சாலையோரமெங்கும் நிழல் பரப்பி, நம் குழம்பிலும் ரசத்திலும் கலந்து, இம்மண்ணுக்கே உரியதாயிற்று. அரபியர் அதனை 'இந்தியாவினுடையது' என்றே பெயரிட்டு அழைத்தனர். வந்தது எங்கிருந்து என்று அதனை இன்று கேட்பார் எவருமில்லை.