லாகூர் மாயவீட்டுச் சகோதரர்

கூடுதற்கு ஒரு மண்டபம், கணக்கெழுத ஒரு காரியதரிசி, தவறாது செலுத்தும் சந்தா, விதவையர்க்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் ஒரு நிதி, இவ்வளவும் அமைந்துவிட்டால் சகோதரத்துவம் தானே வந்து சேரும் என்று சங்கம் நடத்துவோரிற் பலர் எண்ணுகின்றோம். இவையெல்லாம் குறைவற அமைந்திருந்த வேறொரு கூட்டத்தாரின் வரலாற்றை இம்மாதம் நம் அங்கத்தினர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் எடுத்துரைக்க விரும்புகின்றோம். பிரீமேசன் என்பது அக்கூட்டத்தின் பெயர். நாம் சொல்லப் புகுவது பஞ்சாப் தேசத்து லாகூர் நகரில் இருந்த ஒரு லாட்ஜைப் பற்றியது. ‘நம்பிக்கையும் விடாமுயற்சியும்’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் அதற்கு. இங்கிலாந்தின் பதிவேட்டில் அதன் இலக்கம் 782.

லாகூர்வாசிகள் மேசன் மண்டபத்தை ‘ஜாதூகர்’, அதாவது மாயவீடு, என்று அழைத்தனர். சாத்திய கதவுக்குள்ளே என்ன நடக்கிறதென்று வெளியார்க்குத் தெரியாதபடியால் அச்சமும் வதந்தியும் பெருகுதல் இயல்பே. உள்ளே நடந்ததோ அவ்வளவு பயங்கரமானதன்று. கல் தச்சரும் கொத்தரும் கையாளும் மூலைமட்டம், கவராயம், தூக்குக்குண்டு முதலிய கருவிகளை அறத்தின் அடையாளங்களாகக் கொண்டு, இடுப்பின்முன் வெள்ளை ஆட்டுத்தோலைக் கட்டிக்கொண்டு, சில சடங்குகளைச் செய்தனர். தலைவருக்கு மூலைமட்டமும், அவர்க்கு அடுத்தவருக்கு மட்டம் பார்க்கும் கருவியும், மூன்றாமவருக்குத் தூக்குக்குண்டும் பதவிச் சின்னங்களாம். மட்டத்தின் பொருள் வெளிப்படை: மண்டபத்துள் புகுந்தார் யாவரும் ஒரே மட்டத்தினர். சமயச் சண்டையும் அரசியல் வாதமும் கூட்டத்தில் எழலாகா. கடவுள் ஒருவர் உண்டென நம்புவோர் எவரும் சேரலாம். பிரமாணம் செய்வது அவரவர் வேதத்தின்மீது.

1717-ஆம் ஆண்டில் லண்டன் நகரத்து நான்கு லாட்ஜுகள் ஒன்றுகூடிக் கிராண்ட் லாட்ஜை நிறுவின. கும்பினியாரின் கப்பல்களோடு இவ்வழக்கம் நம் தேசத்துக்கும் வந்து சேர்ந்தது. ‘எவரும் சேரலாம்’ என்று விதி இருந்ததே, சேர்த்தார்களா என்பதே கேள்வி. ஒருவரைச் சேர்ப்பதற்கு உள்ளிருப்போர் பெட்டியில் உருண்டைகள் இடுவர். வெள்ளை சம்மதம், கறுப்பு மறுப்பு. இட்டவர் யாரென்று எவர்க்கும் தெரியாது. இத்தகைய பெட்டி எத்தனை நல்ல விதிகளை விழுங்கக்கூடும் என்பதைச் சங்க அனுபவம் உள்ளோர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆர்க்காட்டு நவாபின் மூத்த குமாரர் உம்தத்-உல்-உமரா 1770-களில் நம் திருச்சிராப்பள்ளியிலேயே பிரீமேசனாகச் சேர்க்கப்பெற்றார். கிராண்ட் லாட்ஜார் மனமகிழ்ந்து அவருக்கு அலங்கார வேலைப்பாடமைந்த தோலாடையொன்றும் தங்கள் சட்டநூலும் அனுப்பினர். அவரும் பாரசீக மொழியில் மறுமொழி விடுத்தார். நவாபின் மகனுக்குக் கதவு திறப்பதில் வியப்பில்லை. மாணிக்ஜி குர்ஸெட்ஜி என்னும் பார்ஸி கனவானுக்கு அது திறக்கவில்லை. பம்பாயில் ஆங்கிலேயர் லாட்ஜ் அவரை மறுக்கவே, அவர் கடல்கடந்து சென்று பாரிஸ் நகரில் சகோதரரானார். திரும்பி வந்து தட்டியபோதும் பம்பாய்க் கதவு அசையவில்லை. ஜேம்ஸ் பர்ன்ஸ் என்னும் ஸ்காட்லாந்து வைத்தியர் இதனைப் பொறாது, 1843-இல் இந்தியரையும் சேர்க்கும்பொருட்டே ‘மேலை இந்தியாவின் உதய தாரகை’ என்ற பெயரில் ஒரு லாட்ஜைத் தொடங்கினார். (இந்த மாணிக்ஜியே பிற்காலத்தில் பம்பாயில் பெண்களுக்கு ஆங்கிலப் பாடசாலை கண்டவர். கதவுக்கு வெளியே நிற்பதன் வருத்தம் அறிந்தவர் பிறர்க்குக் கதவு திறந்தார் போலும்.)

ஹிந்துக்களின் நிலைமை இன்னும் கடினமாயிருந்தது. கல்கத்தாவில் பிரஸன்னகுமார் தத்தர் என்னும் வர்த்தகர் 1863-இல் விண்ணப்பித்தார். ஆசியரைச் சேர்ப்பதாயின் மாகாணத் தலைவரின் விசேஷ அனுமதி வேண்டுமென்று அங்கே ஓர் உபவிதி இருந்தது. எதிர்த்தோர் சொன்ன காரணங்கள் இரண்டு. ஹிந்துக்கள் பல தெய்வங்களை வணங்குவோராதலின் ஒரே கடவுளின் பெயரால் பிரமாணம் செய்ய இயலாது என்பது ஒன்று. மற்றொன்று நம் பத்திரிகையைப் படிப்போர் சற்று நின்று கேட்க வேண்டுவது: ஜாதி பாராட்டுவோன் யாவரையும் சகோதரனென்று எங்ஙனம் ஏற்பான் என்பது. நிறம் பாராட்டியவர்கள் எழுப்பிய கேள்வியாயினும் கேள்வி கேள்வியே. அதைக் கேட்க அவர்க்குத் தகுதியில்லை என்று சொல்லிவிடலாம். அத்துடன் நாம் விடை கூறியவராகிவிடோம். தத்தர் சளைக்காது லண்டன் வரையில் வழக்காடினார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1872-இல், அவர் சேர்க்கப்பெற்றார்.

அதன்பின் பதினான்கு ஆண்டுகளே சென்றன. லாகூரில் ஆங்கிலப் பத்திரிகையொன்றின் உதவியாசிரியராயிருந்த ரட்யார்ட் கிப்ளிங் என்னும் வாலிபர் 1886 ஏப்ரல் 5-ஆம் தேதி 782-ஆம் லாட்ஜில் சேர்ந்தார். வயது இருபது, இருபத்தொன்று நிரம்ப வேண்டுமென்பது விதி. நல்ல காரியதரிசி ஒருவர் கிடைப்பாரென்று கருதி விதியைத் தளர்த்தினார்களாம். அவர்கள் எதிர்பார்த்த காரியதரிசி கிடைக்கவில்லையென்று கிப்ளிங்கே பிற்காலத்தில் தம் சரிதையில் நகைச்சுவையோடு எழுதியிருக்கின்றார். ஆயினும், லாகூர் சித்திரப் பாடசாலையின் தலைவராயிருந்த தம் தந்தையாரின் யோசனை கேட்டு, மண்டபத்தின் வெறுஞ்சுவர்களுக்குச் சாலமோன் அரசன் ஆலயத்தின் முறைப்படி திரைகள் தொங்கவிட்டு அழகு செய்தாராம்.

அங்கே அவர் கண்டவர் யாவர்? முஸ்லிம்கள், ஹிந்துக்கள், சீக்கியர், ஆரிய சமாஜத்தார், பிரம்ம சமாஜத்தார். உருவிய வாளோடு வாயில் காத்தவர் ஒரு யூதர்; லாகூரில் வாழ்ந்த சிறு யூதக் கூட்டத்துக்கு அவரே புரோகிதர், அவரே விதிப்படி இறைச்சி அறுப்பவர். முதற்படியில் தம்மைச் சேர்த்தவர் பிரம்ம சமாஜத்து ஹிந்து என்றும், இரண்டாம் படிக்கு உயர்த்தியவர் முஸ்லிம் என்றும், மூன்றாம் படி தந்தவர் ஆங்கிலேயர் என்றும் கிப்ளிங் 1925-இல் எழுதினார். நாற்பதாண்டுகட்குப் பின் நினைவுகூர்ந்தது; கவிஞர் நினைவு சற்றே அழகுபடுத்தியுமிருக்கலாம். தாம் சேர்ந்தது 1885-இல் என்று தவறாகவே அவர் சரிதையில் குறித்திருக்கின்றார். எனினும் பல சமயத்தார் ஒரு கூரையின்கீழ்ச் சகோதரரென்று ஒருவரையொருவர் அழைத்தனர் என்பதில் ஐயமில்லை. வெளியே ஒருவர் துரை, ஒருவர் குமாஸ்தா. சலாம் வாங்குபவர் ஒருவர், இடுபவர் ஒருவர். உள்ளே அவ்வேறுபாடு நின்றது.

உணவுக்கு வரும்போதுதான் இடர்ப்பாடு. இங்கிலாந்து லாட்ஜுகளில் சடங்கு முடிந்தபின் விருந்து கட்டாயம்போல நடக்கும். 1896-இல் வெளிவந்த தம் தொகுதியிலுள்ள ‘தாய் லாட்ஜ்’ என்ற பாட்டில், எவருடைய ஆசாரமும் கெடலாகாதென்று தாங்கள் விருந்து நடத்தத் துணியவில்லையெனக் கிப்ளிங் கூறுகின்றார். சகோதரர்கள் கூட்டம் கலைந்தபின் புகைபிடித்துக்கொண்டு, தத்தம் தேசத்தையும் தத்தம் தெய்வத்தையும் குறித்துப் பின்னிரவு வரையில் பேசியிருந்துவிட்டு, உண்ணாமலே வீடு திரும்பினராம். இதனை இழிவென்று நகைப்பாருமுண்டு. நாம் அங்ஙனம் கருதவில்லை. பிறர் மனம் புண்படாதபடி தம் பந்தியை விட்டுக்கொடுத்தது அன்பே. ஆயினும் ஒருவர் இலையருகே ஒருவர் அமரவொண்ணாத சகோதரத்துவம் எவ்வளவு தூரம் நடந்து செல்லும் என்றும் கேட்கத் தோன்றுகின்றது.

நெடுந்தூரம் செல்லவில்லை என்பதற்கு அக்கவிஞரே சாட்சி. மாயவீட்டை வாழ்நாள் முழுதும் மறவாதவர். 1901-இல் வெளிவந்த ‘கிம்’ என்னும் கதையில் அநாதைச் சிறுவனுக்குத் தந்தை விட்டுச்சென்ற லாட்ஜ்ச் சீட்டையே தாயத்தாகக் கட்டியவர். அவரே 1899-இல் பிற நாட்டு மக்களை ஆள்வது வெள்ளையரின் சுமையென்று பாடினார். இரண்டையும் ஒரே நெஞ்சம் தாங்கியது. அவரைப் பொய்யரென்று தள்ளுதல் எளிது. நமக்கு அவர் மெய்யராகவே தோன்றுகின்றார். கதவு சாத்தியிருந்தவரையில் முழுமனத்தோடு சகோதரராயிருந்தார். பெண்டிரும், சந்தா கட்ட இயலாதவரும் அக்கதவுக்குள் புகுந்தவரல்லர் என்பதையும் இங்கே குறிக்க வேண்டும்.

இந்தியாவில் 1961-இல் தனியே ஒரு கிராண்ட் லாட்ஜ் ஏற்பட்டது. லாகூரோ 1947-இல் பாகிஸ்தானோடு சேர்ந்தது. கிப்ளிங் காலத்து ஹிந்துக்களும் சீக்கியரும் வாழ்ந்த தெருக்களில் அவர்தம் மரபினர் அவ்வாண்டிற்குப்பின் இலர். 1972-இல் அந்நாட்டு அரசாங்கம் பிரீமேசன் கூட்டத்தைத் தடுத்து மண்டபங்களை எடுத்துக்கொண்டது. பிற்காலத்தில் மால் ரோட்டில் கட்டப்பெற்றிருந்த பெரிய மேசன் மண்டபம் அரசாங்க அலுவலகமாயிற்று. ஜாதூகர் என்று பயந்து விலகிய ஜனங்கள் மனுக்களோடு அதன் வாயிலில் வரிசையாக நிற்கலாயினர்.