சந்தோஷம் என்றொரு சாலை

சாலைகளுக்குப் பெயர் சூட்டுகிறவர்களிடம் எனக்கு எப்போதுமே கொஞ்சம் அவநம்பிக்கை உண்டு. ஒரு மரம்கூட இல்லாத தெருவுக்குச் சோலைத் தெரு என்று பெயர் இருக்கும். ஆகவே, வியத்நாமின் வடகோடியில் 'சந்தோஷம்' என்றே பெயர் கொண்ட ஒரு மலைச் சாலை இருப்பதாகக் கேள்விப்பட்டபோது, இதில் ஏதோ சூது இருக்கிறது என்றுதான் நினைத்தேன். அவர்கள் மொழியில் அது ஹான் புக். ஹா ஸாங் என்ற ஊரில் புறப்பட்டு, சீன எல்லைக்கு அருகாகவே மலைமேல் ஏறி இறங்கி, மியோ வாக் என்னும் சிற்றூர் வரை போகிறது. சுமார் 185 கிலோமீட்டர். பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். ஐம்பத்தெட்டு வயதில் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறவனை வீட்டிலே எப்படிப் பார்ப்பார்கள் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

ஹானாயிலிருந்து ஹா ஸாங்குக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர். படுத்துக்கொண்டே போகிற இரவு பஸ். ஏறும்போதே செருப்பைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். விடிவதற்கு முன்பே இறக்கிவிட்டார்கள். நான் போனபோது ஹா ஸாங் தனி மாகாணம். 2025 ஜூலையில் அதைத் துயென் குவாங் மாகாணத்தோடு சேர்த்துவிட்டார்கள்.

அங்கிருந்து மோட்டார் சைக்கிள். ஓட்டுவதற்கு எனக்குத் தைரியமில்லை. தாய் என்ற மலை இனத்தைச் சேர்ந்த ஓர் இளைஞனை அமர்த்திக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். வியத்நாமிய மொழியில் வெறும் 'நீங்கள்' என்று சொல்லி ஒப்பேற்ற முடியாது. யாரையும் ஏதாவதொரு உறவுமுறை வைத்துத்தான் கூப்பிட வேண்டும். அவன் என்னை 'பாக்' என்றான். தகப்பனாருக்கு மூத்தவர் என்று அர்த்தம். ஊர் பேர் தெரியாத இடத்தில் பெரியப்பா ஆகிவிட்டது எனக்கு ஒரு தெம்பாகவே இருந்தது. ஏனென்றால் குவான் பா கணவாயைத் தாண்டியதும் ஒவ்வொரு வளைவிலும் நான் அவன் தோளை இறுகப் பிடித்துக்கொண்டேன். அந்நியனாக இருந்தால் வெட்கமாகப் போயிருக்கும்.

யென் மின் என்ற ஊரில் அவன் வண்டியை நிறுத்தினான். சாப்பாட்டுக்கு என்று நினைத்தேன். ஊதுவத்தி வாங்கப் போயிருக்கிறான்! கொஞ்ச தூரத்தில் ஒரு கல்லறைத் தோட்டம். இந்தச் சாலையைப் போடும்போது இறந்துபோன வாலிபத் தொண்டர்களுக்காக ஏற்பட்டது. பதினான்கு பேர். "இந்தப் பக்கம் போகிறபோதெல்லாம் ஏற்றுவேன், பாக்" என்றான். எனக்கும் மூன்று வத்திகளைக் கொடுத்தான். யாருக்கு ஏற்றுகிறோம் என்று தெரியாமலே ஏற்றினேன். அப்புறம்தான் விசாரித்தேன்.

வேலை தொடங்கியது 1959 செப்டம்பர் 10ஆம் தேதி. முடிந்தது 1965இல். 1,300க்கு மேற்பட்ட வாலிபத் தொண்டர்களும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கூலிகளும் எட்டு மாகாணங்களிலிருந்து வந்தார்கள். பதினாறு இனத்தவர். கடப்பாரை, சம்மட்டி, மண்வெட்டி, வெடிமருந்து இவைதாம் சாமான்கள். 'தொண்டர்' என்ற சொல்லை ஓர் அரசாங்கம் உபயோகிக்கும்போது நான் சற்றுத் தள்ளி நின்றே கேட்கிற வழக்கம். பிரியப்பட்டு வந்தவர் எத்தனை பேர், பெயர் கொடுத்தாக வேண்டும் என்று வந்தவர் எத்தனை பேர் என்று இனி யார் பிரித்துச் சொல்வது? ஆனால், அவர்களில் ஹாய் டுவாங், நாம் டின் பக்கத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள் என்று அறிந்தபோது என் சந்தேகமெல்லாம் வாயடைத்துப் போயிற்று. அவை அப்போது செந்நதிச் சமவெளி மாகாணங்களாக இருந்தன. கண்ணுக்கெட்டிய மட்டும் நெல் வயல். வரப்புக்கு மேலே உயரமான எதையும் ஏறிப் பார்த்திராத பிள்ளைகள்.

யென் மின்னைத் தாண்டிச் சிறிது நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மோங் குடியானவர் வீட்டில் ஒதுங்கினோம். அந்தப் பீடபூமியில் மண் என்பதே அரிது; எங்கே பார்த்தாலும் கறுத்த சுண்ணாம்புப் பாறை, முளை முளையாக. பாறை இடுக்குகளில் கூடை கூடையாக மண்ணைக் கொண்டுவந்து கொட்டி, அதிலே மக்காச்சோளம் விதைக்கிறார்கள். சோளத்தை அரைத்து ஆவியில் வேகவைத்த மாவுதான் ஆகாரம். அந்த வீட்டுப் பெண்மணி எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தாள். தொண்டையில் இறங்கத் தயங்கியது. அடுப்பண்டை உட்கார்ந்திருந்த கிழவர் அதைக் கவனித்துவிட்டு ஏதோ சொன்னார். என் சாரதி சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தான்: "உப்புப் போட்டிருக்கிறதே, இதற்கு மேல் என்ன வேண்டும் என்கிறார்."

கிழவர் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அவர் சிறு வயதில் இருந்தது குதிரைப் பாதைதான். உப்புக்காக அவருடைய தகப்பனார் நாள் கணக்கில் நடந்து போய், நாள் கணக்கில் நடந்து திரும்புவாராம். உப்புக் கட்டியைக் கரைத்துவிடாமல் தொட்டு நக்கிவிட்டு மறுபடி முடிந்து வைத்ததைத் தாமே பார்த்ததாகச் சொன்னார்.

இந்த உப்புக் கதை மனத்தில் இருக்கும்போதே நான் ஸா பின் கிராமத்து அரண்மனையைப் பார்க்க நேர்ந்தது நல்லதாகப் போயிற்று. அரண்மனை என்றால் மோங் மக்களின் அரசராக விளங்கிய வுவாங் சின் டுக்கின் மாளிகை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. மூன்று முற்றங்கள், அறுபத்துநான்கு அறைகள், சுற்றிலும் கருங்கல் மதில், வாசலில் சாமர மரங்களைப் போல ஓங்கிய மரவரிசை. செலவு 1,50,000 இந்தோசீன வெள்ளி நாணயங்கள் என்கிறார்கள். தூண்களின் அடிக்கல்லைக் குனிந்து பார்த்தேன். கசகசாக் காய் வடிவத்தில் செதுக்கியிருக்கிறது! அந்தக் காயைக் கீறி எடுக்கிற அபினியில் வந்த செல்வம் அது. மறைக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. அந்தக் கல்லை வெள்ளி நாணயங்களால் தேய்த்தே மெருகேற்றினார்கள் என்று அங்கிருந்த வழிகாட்டிப் பெண் சொன்னாள். கதையாக இருந்தாலும் பொருத்தமான கதை.

அங்கே நின்றபோதுதான் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. இந்தோசீனாவை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களுக்குச் சாலை போடத் தெரியாதா? மலைகளைக் குடைந்து, சீனாவின் யுன்னான் தலைநகர் வரை 1910க்குள் ரயிலே போட்டு முடித்தவர்கள் அல்லவா? அபினி வியாபாரத்தைச் சர்க்காரின் ஏகபோகமாக வைத்திருந்தவர்களும் அவர்கள்தாம். இருந்தும், இந்தப் பீடபூமிக்கு வண்டிப் பாதை தேவை என்று அவர்களுக்குப் படவில்லை. ஏன் படவேண்டும்? அபினி கனமில்லாத சரக்கு, விலையோ அதிகம். ஒரு குதிரை முதுகில் ஏற்றினால் ஒரு சிறு செல்வமே கீழே இறங்கிவிடும். உப்பு அப்படியல்ல. கனம் மிகுந்தது, விலை குறைந்தது. குதிரையில் ஏற்றி மலைமேல் கொண்டுபோனால் குதிரைக்கே கட்டுப்படியாகாது. மேலிருந்து இறங்குகிற பொருளுக்குப் பாதை வேண்டியிருக்கவில்லை. கீழிருந்து ஏறவேண்டிய பொருளுக்குத்தான் வேண்டியிருந்தது. அதைக் கேட்டு வாங்க மலைமேல் இருந்தவர்களுக்குக் குரல் கிடையாது. அரசர் மாளிகையில் உப்புக்குப் பஞ்சம் இருந்திராது.

வுவாங் சின் டுக் 1947இல் காலமானார். அவருடைய மகன் அதற்கு முன்பே ஹோ சி மின்னோடு சேர்ந்துகொண்டு, புதிய குடியரசின் முதல் தேசிய சட்டசபையில் அங்கத்தினரும் ஆகிவிட்டார். புதிய அரசாங்கம் உப்பின் மேல் இரக்கப்பட்டு மட்டும் சாலை போட்டது என்று நான் சொல்லமாட்டேன். பீடபூமியில் அதற்கு அடங்காத ஆயுதக் கூட்டங்கள் அப்போது இருந்தன. எல்லையும் அருகில். சாலை வந்தால் உப்போடு உத்தியோகஸ்தர்களும் வருவார்கள், சிப்பாய்களும் வருவார்கள். வந்தார்கள்.

டோங் வானில் இரவு தங்கி, மறுநாள் காலை மா பி லெங் கணவாய்க்குப் போனோம். குதிரையின் மூக்குத்தண்டு என்று பொருளாம். ஒரு பக்கம் செங்குத்தான பாறை; மறு பக்கம் 700, 800 மீட்டர் கீழே ஞோ குவே நதி, பச்சைப் பட்டு இழை மாதிரி. சாலையில் மற்ற பகுதியெல்லாம் சாதாரணக் கஷ்டம். இது வேறு. இங்கே நின்று வெட்டுவதற்கு இடமே இல்லை. முதலில் பதினேழு பேர் கொண்ட ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் உச்சியில் கயிற்றைக் கட்டி, இடுப்பில் முடிந்துகொண்டு, பாறையின் முகத்தில் தொங்கியபடியே உளியால் துளை போட்டு, வெடி வைத்தார்கள். கால் வைக்க ஒரு விளிம்பு உண்டாகி, அது அகன்று பாதையாவதற்குப் பதினோரு மாதம் பிடித்தது.

நான் பாறையைக் கையால் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. என் சாரதி சும்மா நிற்காமல், "ராத்திரி தூங்கும்போதும் தொங்குகிற மாதிரியே இருக்குமாம், பாக்" என்றான். யார் சொன்னது என்று கேட்டேன். அவன் தாத்தா, பாறையில் தொங்கியவர் அல்லவாம். யென் மின் பக்கம் கல் சுமந்தவராம். அங்கே ஊதுவத்தி ஏற்றியபோது அவன் இதைச் சொல்லவில்லை.

மியோ வாக்கில் வண்டியின் சங்கிலி அறுந்துபோயிற்று. பழுது பார்க்க ஒரு நாள் ஆகும் என்றார்கள். அவனை விட்டுவிட்டு, டோங் வான் வழியாகத் திரும்பும் பஸ்ஸில் நான் ஏறினேன். அன்று ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. பஸ் முழுக்க மோங் ஜனங்கள். கோணியிலே கட்டிய பன்றிக்குட்டிகள், பிளாஸ்டிக் கேன்களில் சோளச் சாராயம். என் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். மடியில் ஒரு மூட்டை. வெளியே தெரிந்தவை: ஒரு ஜதை ரப்பர் செருப்பு, பள்ளிக்கூட நோட்டுகள், இரண்டு பொட்டலம் உப்பு.

மா பி லெங் வந்தது. மேல்நாட்டு இளைஞர்கள் சாலை ஓரமாக மோட்டார் சைக்கிள்களை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னல் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பார்க்கவும் பயந்து, பார்க்காமலிருக்கவும் முடியாமல் நதியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணின் தலை என் தோளில் வந்து சாய்ந்தது. நன்றாகத் தூங்கிவிட்டாள். பஸ் டோங் வானில் நின்றபோதுதான் எழுந்தாள். மூட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு இறங்கிப் போனாள்.