தென்காசிச் சீமையில் சைக்கிள் விளக்கு

தென்காசிக்கும் சுரண்டைக்கும் இடையே வயல்களும் தோட்டங்களும் சூழ அமைந்த சுந்தரபாண்டியபுரம், பாண்டியன் பெயரைத் தாங்கி நின்றும், வெளியூர்க்காரர்களுக்கு ஆடி ஆவணியில் மஞ்சள் பூத்துக் கிடக்கும் சூரியகாந்திக் கொல்லைகளாலும், 1992-இல் வெளிவந்த ‘ரோஜா’ திரைப்படத்தின் கதாநாயகி பிறந்த ஊர் என்ற கற்பனைக் கீர்த்தியாலுமே அறிமுகமாகியிருக்கிறது. பகலில் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு அவ்வளவு போதும். ஆனால் இந்தப் பக்கத்து ஊர்களின் ஜீவனத்தில் பாதி, பொழுது புலர்வதற்கு முன்னும் பொழுது சாய்ந்த பின்னுமே நடந்து வந்திருக்கிறது. கத்தரிக்காயும் சின்ன வெங்காயமும் விடியற்காலையிலேயே சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும்; கறந்த பால் சூடு ஆறுமுன் தென்காசிக் காப்பிக் கடைகளை எட்ட வேண்டும்; பீடிக் கட்டுகளைக் கணக்கு ஒப்பித்துவிட்டு இருட்டிய பிறகு வீடு திரும்ப வேண்டும்; இரண்டாம் ஆட்டம் சினிமா பார்த்தவர்கள் நடுநிசியில் ஊர் வந்தாக வேண்டும். இத்தனைக்கும் உற்ற சாதனமாக ஒரு தலைமுறைக்கு மேல் உழைத்தது சைக்கிள். அந்தச் சைக்கிளுக்கு வழிகாட்டிய விளக்கின் சரித்திரமும் எழுதி வைக்கத் தக்கதே என்பது என் அபிப்பிராயம்.

ஆதியில் சைக்கிளுக்கு வாய்த்தது எண்ணெய் விளக்குத்தான். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்து ஜோசப் லூக்கஸ் என்பவர் 1870-களின் இறுதியில் ‘கிங் ஆஃப் தி ரோடு’ என்ற பெயரோடு விற்கத் தொடங்கிய விளக்கும், அதைப் பின்பற்றிப் பலர் செய்த விளக்குகளும், சைக்கிளோடு சைக்கிளாகக் கப்பலேறி நம் நாட்டுக்கு வந்தன. முன்னே ஒரு கண்ணாடி, பக்கங்களில் சிவப்பும் பச்சையுமாக இரண்டு சிறு கண்ணாடிகள், உள்ளே திரியும் மண்ணெண்ணெயும், சாலைக் குழியில் வண்டி குதிக்கும்போது சுடர் அணையாதிருக்க மாட்டியில் ஒரு வில் என்று அது மிகுந்த கெட்டிக்காரத்தனத்தோடு அமைந்த பொருள். ஆயினும் அதன் பிரகாசம் பாதையைக் காட்டுவதற்கு உதவியதைவிட, ‘இதோ ஒருவன் வருகிறான்’ என்று எதிரே வரும் ஜட்கா வண்டிக்காரனுக்கும் மாட்டுவண்டிக்காரனுக்கும் அறிவிப்பதற்கே அதிகம் உதவியது.

அறிவிப்பதற்கு மட்டுமன்று, சட்டத்துக்குப் பயந்தும் அதைக் கொளுத்தினார்கள். சைக்கிளுக்கு வரி கட்டி உள்ளாட்சியார் தரும் வில்லையை வண்டியில் மாட்டிக்கொள்ள வேண்டியிருந்த அந்தக் காலத்தில், இரவில் விளக்கில்லாமல் ஓட்டுவதும், பின்னால் ஓர் ஆளை ஏற்றிக்கொண்டு ‘டபுள்ஸ்’ போவதும், போலீஸ்காரர் கையில் அகப்பட்டால் அபராதத்துக்கு உரிய குற்றங்கள். அபராதம் வேண்டாமென்று கருணை காட்டும் போலீஸ்காரர்கள் டியூபின் காற்றைப் பிடுங்கிவிட்டு அனுப்புவார்கள். தூரத்தில் சிவப்புத் தலைப்பாகை தெரிந்த மாத்திரத்தில் வண்டியிலிருந்து குதித்து இறங்கி, ஏதோ காலாற நடப்பவரைப் போல அதை உருட்டிக்கொண்டு போவது அன்றைய ஜனங்கள் எல்லோரும் கற்றிருந்த வித்தை. உருட்டிச் செல்லும் சைக்கிளுக்கு விளக்குக் கேட்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை அல்லவா?

எண்ணெய் விளக்குக்கும் மின்விளக்குக்கும் நடுவே கொஞ்ச காலம் கார்பைடு விளக்கு ஒன்று அரசு செலுத்தியது. மேல் அறையிலுள்ள தண்ணீர் துளித் துளியாகக் கீழ் அறையிலுள்ள கார்பைடு கட்டிமேல் விழ, அதிலிருந்து கிளம்பும் அசெட்டிலின் வாயு வெள்ளை வெளேரென்று எரியும். வெளிச்சத்தில் அதற்கு ஈடு இல்லை, நாற்றத்திலும் இல்லை. மறுநாள் காலையில் அடியில் தங்கிய சுண்ணாம்புக் குழம்பைச் சுரண்டிக் கழுவ வேண்டும் என்ற தொல்லையும் சேர்ந்துகொள்ள, வசதியுள்ளவர்களின் வண்டியோடு அது நின்றுவிட்டது.

சக்கரம் சுழலும்போதே அந்தச் சுழற்சியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்ற யோசனை புதிதன்று. காந்தத்தையும் கம்பிச்சுருளையும் ஒன்றை மற்றொன்றின் அருகே அசைத்தால் மின்சாரம் பிறக்கும் என்று ஃபாரடே 1831-லேயே காட்டிவிட்டார். அதைச் சைக்கிளில் மாட்டத் தக்க ‘டைனமோ’ என்ற சிறு கருவியாகச் சுருக்கி, விலையும் அடக்கி, பெருவாரியாகச் செய்து விற்கும் காலம் முதல் உலக யுத்தத்துக்குப் பிறகே வாய்த்தது. ஜெர்மனியில் பாஷ் கம்பெனி 1923-இல் தன் சைக்கிள் விளக்கைக் கடைக்குக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் லூக்கஸும் மில்லரும் அந்த வியாபாரத்தில் இறங்கின. நம் பக்கத்துச் சைக்கிள் கடைகளில் பிற்காலத்திலும் மில்லர் என்ற பெயருக்கு ஒரு தனி மவுசு இருந்தது.

தென்காசிச் சீமையில் டைனமோவின் மதிப்பை உயர்த்தியவை இரண்டாம் உலக யுத்தமும் மண்ணெண்ணெய்ப் பஞ்சமும் என்று கருத இடமிருக்கிறது. 1942-இல் ஜப்பானியர் கையில் பர்மா விழுந்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த எண்ணெய் நின்றுபோயிற்று. மண்ணெண்ணெய் அளவுப் பங்கீட்டுக்கு உள்ளாயிற்று. வீட்டுச் சிம்னிக்கே போதாத எண்ணெயைச் சைக்கிளுக்கு எங்கே ஊற்றுவது? 1944-இல் பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டு மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள் என்றாலும், அந்த மின்சாரம் பட்டணங்களையும் ஆலைகளையும் முதலில் சேர்ந்து, பிறகு வெகு சாவகாசமாகக் கம்பம் கம்பமாக நடந்து கிராமங்களுக்கு வந்தது. கம்பம் வருவதற்கு முன்பே டைனமோ வந்துவிட்ட ஊர்களில், ஜனங்கள் கண்ட முதல் மின்சார பல்பு, கம்பியும் கம்பமும் இல்லாமல் ஒருவருடைய கால் வலிமையால் சாலையில் ஓடிவந்த பல்பாகத்தான் இருந்திருக்கும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆனந்தம் உண்டாகிறது.

கையடக்கமான சீசாவைப் போன்ற அந்த டைனமோவைப் பின்சக்கரத்தின் பக்கத்தில் பொருத்தியிருப்பார்கள். விசையைக் காலால் தட்டிவிட்டால், வில்லின் அழுத்தத்தால் அதன் தலையிலுள்ள சிறு உருளை டயரின் பக்கவாட்டில் போய்ப் பதியும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி போகும்போது அந்த உருளை நிமிஷத்துக்கு 3,000 தடவைக்கு மேல் சுழலும். அங்கிருந்து விளக்குக்குப் போவது ஒரே கம்பிதான்; மின்சாரம் திரும்பி வரும் பாதை வண்டியின் இரும்புச் சட்டமே. ஆகவே டைனமோவை மாட்டும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, கூரான திருகு இரும்பில் நன்றாகக் கடிக்கும்படி முடுக்க வேண்டும். அங்கே துரு ஏறினால் டைனமோவும் பல்பும் பழுதில்லாதிருந்தும் விளக்கு மினுக்கும். விஷயம் தெரிந்த சைக்கிள் கடைக்காரர், ‘லைட் எரியல, அண்ணாச்சி’ என்று வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறவரிடம் ஒன்றும் பேசாமல் அந்தத் திருகைத்தான் முதலில் பார்ப்பார்.

குற்றாலச் சீசன் இந்த டைனமோவுக்குச் சத்துரு. ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வீசும் காற்றோடு சாரல் வந்து டயரை நனைத்துவிட்டால், உருளை பிடிமானம் இல்லாமல் வழுக்கும். விளக்கு நூறு அடி எரியும், ஐம்பது அடி கண்ணை மூடும். பழைய டியூபிலிருந்து வளையமாக ஒரு துண்டு வெட்டி உருளைமேல் மாட்டிக்கொள்வது இதற்குக் கண்ட பரிகாரம். காற்று வேறு விதத்திலும் சோதித்தது. டைனமோ விளக்குக்குக் கொடுப்பது 3 வாட். ஆனால் உராய்விலும் சூட்டிலும் பெரும் பகுதி வீணாவதால், அதற்காக ஓட்டுகிறவர் கால் செலுத்த வேண்டியது அதைப்போல மூன்று மடங்கு. இன்று சுரண்டை, ஆலங்குளம் பக்கங்களில் பெரிய காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்றை மார்பில் வாங்கிக்கொண்டு தென்காசி நோக்கி மிதிப்பவருக்கு அந்தச் சுமையும் பெரிதாகவே தோன்றும். டைனமோவை எடுத்துவிட்டு இருட்டிலேயே மிதித்து, எதிரே ஆள் அரவம் கேட்டால் மட்டும் தட்டிவிடுகிறவர்கள் அநேகர். இரண்டாம் ஆட்டம் முடிந்து கூட்டமாகத் திரும்புகையில் டைனமோ உள்ள வண்டி முன்னே போக, இல்லாதவை அதன் வெளிச்சத்தைப் பற்றிக்கொண்டு பின்னே போகும். ‘மெதுவாப் போங்க அண்ணாச்சி, பள்ளம் தெரியல’ என்ற குரல் பின்னாலிருந்து வந்தபடி இருக்கும்.

மேற்கே போனால் வேறு கஷ்டம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி சென்னை ராஜ்யத்தோடு இணையும் வரையில் திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்தையும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தையும் சேர்ந்திருந்த செங்கோட்டையைத் தாண்டி, புளியரை மேட்டில் ஏறும்போது வேகம் குறைய விளக்கு செம்புள்ளியாகச் சுருங்கும். ஆரியங்காவிலிருந்து அதே வளைவுகளில் இறங்கும்போது பல்பு கண்ணைப் பறிக்கும். வேகம் கூடக் கூட மின்சாரம் திசை மாறும் வேகமும் கூடுவதால், கம்பிச்சுருளே அதற்கு ஒரு தடையாகி, மின்னோட்டத்தை அரை ஆம்பியர் அளவில் ஏறக்குறைய நிறுத்திக்கொள்ளும். இது டைனமோவின் நற்குணம். ஆனால் அந்த அரை ஆம்பியர், 2.4 வாட் முன்பல்பும் 0.6 வாட் பின்பல்பும் பங்கிட்டுக்கொள்வதற்காக விதிக்கப்பட்டது. பின்பல்பு போய்விட்டால் அதன் பங்கும் முன்பல்பின் தலையில் விழும். இறக்கத்திலே அதுவும் பட்டென்று போய்விடும். உதிரி பல்பு ஒன்றைத் துணியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருப்பது அனுபவஸ்தர்களின் வழக்கம்.

மழையில் வழுக்கும் குறையைத் தீர்க்க, சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளேயே காந்தத்தை வைத்துச் செய்யும் முறையை இங்கிலாந்தின் ஸ்டர்மி-ஆர்ச்சர் கம்பெனி 1936-இல் ‘டைனோஹப்’ என்ற பெயரில் கொண்டுவந்தது. உருளையும் இல்லை, வழுக்கலும் இல்லை, சத்தமும் இல்லை. பிரித்துப் பார்க்கும் ஆசையுள்ளவர்கள் காந்த வளையத்தை அதன் இரும்புத் துணையிலிருந்து தனியே உருவிவிட்டால் காந்தம் சக்தி இழந்துவிடும் என்ற ஒரு தோஷம் மட்டும் உண்டு. நம் நாட்டிலோ அதன் விலை அதற்குப் பெரும் தடை. இங்கே கடைசிவரை ஆண்டது டயரில் உரசும் டைனமோதான்.

சுதந்தரத்துக்குப் பின் சைக்கிள் இங்கேயே உருவாகத் தொடங்கிற்று. அம்பத்தூரில் 1949-இல் ஸ்தாபிக்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் ஹெர்குலிஸ் வண்டிகளையும், அசன்சோலில் சென்-ராலே கம்பெனி ராலே வண்டிகளையும் செய்தன; 1956-இல் லூதியானாவில் ஹீரோ வந்தது. டைனமோவும் சுதேசியாகி விலை இறங்கி, கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு வாங்கித் தரும் சைக்கிளில் மணி, கேரியர், டைனமோ மூன்றும் இருக்கின்றனவா என்று சம்பந்தி வீட்டார் எண்ணிப் பார்க்கும் நிலைக்கு வந்தது. வாடகைச் சைக்கிள் கடைக்காரர்கள் மட்டும் இந்தச் சோபையில் மயங்கவில்லை; வாடகைக்குப் போன டைனமோ முழுசாகத் திரும்பி வராது என்பது அவர்கள் அறிந்த சத்தியம்.

பிறகு தெருவிளக்குகள் வந்தன, மொபெட்டும் மோட்டார் சைக்கிளும் வந்தன, டைனமோ கேட்பாரற்றுப் போயிற்று. ஸ்டர்மி-ஆர்ச்சர் 1984-இல் டைனோஹப்பை நிறுத்தியது. 2005 முதல் தமிழ்நாட்டு அரசு மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு வழங்கிய இலவசச் சைக்கிள்களும் பெரும்பாலும் பகலில் பள்ளிக்குப் போய்வந்த வண்டிகள்தாம்.

ஜெர்மனியில் மட்டும் கதை வேறு விதமாக நடந்தது. சாலையில் ஓடும் சைக்கிளுக்கு டைனமோ விளக்கு இருந்தே தீர வேண்டும் என்ற சட்டம் 2013 வரையில் அங்கே அமலில் இருந்ததால், அந்தக் கைத்தொழில் சாகாமல் பிழைத்தது. 1980-களில் வந்த நியோடிமியம் காந்தம் அதற்குப் புது இரத்தம் ஊட்டிற்று; 1990-களில் டியூபிங்கன் ஊரைச் சேர்ந்த வில்பிரீட் ஷ்மிட் செய்த நடுக்குட டைனமோ நீண்ட பிரயாணக்காரர்களிடையே பிரசித்தி பெற்றது. அதன்மேல் எல்.இ.டி. வந்தது. முன்விளக்குக்கு 10 லக்ஸ் அளவு வெளிச்சம் போதும் என்று ஜெர்மன் விதி கேட்டிருந்த இடத்தில், அதே 3 வாட் மின்சாரத்தில் 80, 100 லக்ஸ் கொடுக்கும் விளக்குகள் இன்று கிடைக்கின்றன. வண்டி நின்றதும் அணைந்துவிடுவது பழைய டைனமோவின் மகா குறை. நாற்சந்தியில் லாரி வரும் தருணத்தில்தான் அது அணையும். உள்ளே ஒரு மின்தேக்கியை வைத்துச் சில நிமிஷம் எரியவிட்டு அந்தக் குறையையும் போக்கிவிட்டார்கள்.

இப்போது 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய ‘பிரெவே’ ஓட்டங்களில் நம் இளைஞர்களும் கலந்துகொள்கிறார்கள். அவர்கள் டைனமோவை விசாரிப்பது பாதி வெளிச்சத்துக்காக, பாதி செல்போனுக்காக. டைனமோ தருவது திசை மாறும் மின்சாரம். அதை நேர்மின்சாரமாக்கி, 5 வோல்ட்டுக்கு அடக்கி, யு.எஸ்.பி. வழியாகத் தரும் சிறு கருவி வேண்டும். நல்ல வேகத்தில் அது தருவது ஏறக்குறைய 2.5 வாட். 5,000 மில்லி ஆம்பியர்-மணி பாட்டரியுள்ள போன் ஏறத்தாழ 19 வாட்-மணி கொள்ளும் என்பதால், அதை முழுதும் நிரப்ப எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் மிதிக்க வேண்டும். போனை நேராக மாட்டுவதும் உசிதமன்று. புளியரை வளைவில் வேகம் குறையும்போதெல்லாம் மின்சாரம் அறுந்து, போன் திரும்பத் திரும்ப விழித்துக்கொண்டு, வாங்கியதைவிட அதிகமாகச் செலவழித்துவிடும். நடுவே ஒரு சிறிய பவர் பாங்கை வைத்து, பகலில் அதை நிரப்பி, இரவில் டைனமோவை விளக்குக்கு மட்டுமே விட்டுவிடுவது கிரமமான வழி.

கடைக்காரர் காட்டும் லக்ஸ் கணக்கைவிட, தாம் எந்த வேகத்தில், எத்தனை இரவு, எந்தச் சாலையில் ஓட்டப் போகிறோம் என்பதையே வாங்குகிறவர் முதலில் யோசிக்க வேண்டும். தென்காசியிலிருந்து கொல்லம் வரையில் மலை ஏறி இறங்கி இரவு பகலாகப் போகிறவருக்கு நடுக்குட டைனமோ கொடுத்த பணத்துக்கு வஞ்சனை செய்யாது. காற்றில்லாத மாலையில் சூரியகாந்தி பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவருக்குச் சார்ஜ் செய்யும் பாட்டரி விளக்கே தாராளம். விடியற்காலை நான்கு மணிக்குக் கேரியரில் காய்கறி மூட்டை கட்டிச் சுந்தரபாண்டியபுரத்திலிருந்து புறப்படுகிறவருக்கோ, பழைய டைனமோவில் எல்.இ.டி. பல்பு ஒன்றை மாட்டினாலே, ஏற்றத்தில் மெதுவாக மிதிக்கும்போதும் பாதை தெரியும். ஆனால் நெடுஞ்சாலையில் அவரை இடிக்க வருவது பின்னாலிருந்து வரும் வாகனம் ஆகையால், மூட்டை மறைக்காத இடத்தில் ஒரு சிவப்பு விளக்குக்கே அவர் பணத்தில் முதல் பங்கைச் செலவிட வேண்டும்.