தமக்கென ஒரு கதவு

மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபட்டுள்ள நமக்குச் சில எளிய சொற்களே பெரும் இடர் விளைவிக்கின்றன. ‘நர்சிங் ஹோம்’ என்னும் தொடர் அவற்றுள் ஒன்று. நம் நாட்டில் அது சிறியதொரு தனியார் மருத்துவமனையைக் குறிக்கும். மேனாடுகளிலோ, பிறர் துணையின்றி வாழ இயலாத முதியோர் தம் இறுதிக்காலம் வரை தங்கும் இடத்தைக் குறிக்கும். அதனைப் ‘பராமரிப்பு இல்லம்’ என்று எழுதிவிடுகிறோம். அவ்விடம் உள்ளபடியே இல்லமாக இருக்கவேண்டும் என்னும் எண்ணம் எவ்வாறு வளர்ந்தது என்பதை ஈண்டுச் சற்றே நோக்குவோம்.

வடஜெர்மனியிலுள்ள லூபெக் நகரத்து வணிகர்கள் 1286-ஆம் ஆண்டில் ‘தூய ஆவி மருத்துவசாலை’ என்னும் அறநிலையத்தை எழுப்பினார்கள். முதியோரும் நோயுற்ற ஏழைகளும் அங்கு அடைக்கலம் பெற்றனர். நீண்டதொரு கூடமே அவர்களது உறையுள். உறங்குவதும் இருமுவதும் உயிர்நீப்பதும் பிறர் கண்முன்னே நிகழ்ந்தன. ஐந்து நூற்றாண்டுகள் கழிந்தபின், 1820-ஆம் ஆண்டளவில், அக்கூடத்தினுள்ளேயே சிறு மர அறைகளை வரிசையாக அமைத்தார்கள். ஒவ்வோர் அறையும் சுமார் 4 சதுர மீட்டர். ஒரு கட்டிலும் ஒரு பெட்டியும் இட்டால் நிறைந்துவிடும். ஆயினும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு இருந்தது. 1970 வரை முதியோர் அவற்றில் வாழ்ந்தனர். இன்று நமக்குக் கூண்டு போலத் தோன்றும் அவ்வறையே, கூடத்தில் கிடந்தவருக்குக் கிட்டிய முதல் வீடு.

அதே நாட்டின் தென்பகுதியில், ஆக்ஸ்பர்க் நகரில், யாக்கோபு ஃபுக்கர் என்னும் பெருவணிகர் இவ்வுண்மையை முன்னரே உணர்ந்திருந்தார். 1521-இல் அவர் நிறுவிய ‘ஃபுக்கெரை’ முதியோருக்கென்றே தோன்றியதன்று, வறியோர்க்கான குடியிருப்பு. அங்கு ஒவ்வொரு குடும்பத்துக்கும் சமையலறையுடன் கூடிய தனி வீடும் தனி வாயிலும் உண்டு. வாயில்மணியின் இழுகம்பிகள் வெவ்வேறு வடிவில் அமைந்துள்ளன. தெருவிளக்கில்லாத காலத்தில், இருளில் கையால் தடவியே தம் வீட்டை அறிந்துகொள்ள அவை உதவின என்பர். நினைவு தளர்ந்த முதியோர் தம் அறையை இனங்காண, கதவுதோறும் வேறு நிறமோ பழைய நிழற்படமோ வைப்பது இக்கால வழக்கம். இரண்டுக்கும் கருத்து ஒன்றே.

ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859-இல் வெளியிட்ட செவிலியம் பற்றிய நூலில், மலரும் நிறமும் சாளரத்துக் காட்சியும் நோயாளியின் உடலுக்கே நலம் செய்வன என்று வற்புறுத்தினார். எனினும் இருபதாம் நூற்றாண்டில் பராமரிப்பு இல்லங்கள் வேறு வழியிற் சென்றன. அமெரிக்காவில் மருத்துவமனைக் கட்டட உதவிச் சட்டம் 1954-இல் திருத்தப்பட்டு, இவ்வில்லங்களுக்கும் நிதி வழங்க வகைசெய்தது. நிதியுடன் மருத்துவமனையின் இலக்கணமும் வந்து சேர்ந்தது: நெடிய நடைவழி, இருபுறமும் ஒரே மாதிரி அறைகள், நடுவே செவிலியர் மேசை. மேற்பார்வைக்கு அது வசதி. வாழ்வோருக்கோ முடிவில்லாத நோயாளி வாழ்க்கை.

இதற்கு மாற்று 2003-இல் மிசிசிப்பி மாநிலத்து டூப்பலோ நகரில் உருவாயிற்று. மருத்துவர் பில் தாமஸ் வகுத்த முறைப்படி, வீட்டுக்குப் பத்துப் பேராக முதியோர் குடியேறினர். ஒவ்வொருவருக்கும் தனியறை; நடுவில் திறந்த சமையலறை; அருகே எல்லாரும் அமர்ந்துண்ண ஒரு நீண்ட மேசை. தாளிக்கும் மணமே உணவு வேளையை அறிவிக்கும்.

நெதர்லாந்தின் வேஸ்ப் நகரில் 2009-இல் திறக்கப்பட்ட ‘ஹோகெவெய்க்’ என்னும் இடம், மறதிநோயுற்றோருக்காக அமைந்தது. தொடக்கத்தில் 23 வீடுகளை, வாழ்ந்தோரின் பழைய வாழ்க்கைமுறைக்கேற்ப ஏழு வகையாக அமைத்தனர். அவற்றுள் ஒருவகை, இந்தோனேசியத் தீவுகளில் வாழ்ந்து பின்னர் நெதர்லாந்தில் குடியேறியவர்களுக்கு உரியது. அந்நாட்டுப் பாணி அலங்காரமும் உணவும் அங்கு அவர்களுக்குக் கிடைத்தன. பிறந்த மண்ணை விட்டு வந்தவர்க்கு முதுமையில் மனம் எங்கே திரும்பும் என்பதை, வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை.

நம் நாட்டில் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. மாவட்டந்தோறும், குறைந்தது 150 ஆதரவற்ற முதியோர் தங்கத்தக்க இல்லம் அமைக்க அது வழிவகுக்கிறது. நோக்கம் உயர்ந்தது, எனினும் 150 கட்டில்களை ஒரே கூடத்தில் அடுக்கினால், நாம் லூபெக்கின் பழைய கூடத்துக்கே திரும்பிவிடுவோம். பதின்மர் பதின்மராகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் அடுப்பும் ஒரு முற்றமும் அளிப்பது நம்மால் இயலாத காரியமன்று.

ஊரிலிருந்து அழைத்து வந்த தாய் தந்தையருக்காக இத்தகைய இடத்தை நாட நேரும் அன்பர்கள், கட்டணத்தையும் மருத்துவ வசதியையும் விசாரிப்பதோடு நின்றுவிட வேண்டாம். அம்மாவின் குத்துவிளக்குக்கும் அப்பாவின் சாய்வு நாற்காலிக்கும் அங்கு இடமுண்டா, காலையில் காப்பி மணம் வருமா, அறைக்கதவை அவர்களே சாத்திக்கொள்ளலாமா என்பனவற்றையும் கேட்டறிதல் வேண்டும். ‘இல்லம்’ என்னும் சொல்லுக்குப் பொருள் இவற்றிலேதான் அடங்கியுள்ளது.